யோகட் பேணி வெறுமையாய்த் திரும்பாது

அந்த யோசனை எனக்கு வந்தது மெட்ரோவில், மடியில் ஒரு யோகட் பேணியோடு உட்கார்ந்திருந்தபோது. யோகட் எப்போதோ முடிந்துபோன பிளாஸ்டிக் பேணி. வெளியே 'கொழுப்புக் குறைந்தது' என்று பிரெஞ்சில் பெருமையாக எழுதியிருந்தது. உள்ளே அம்மா அன்று காலை எண்ணெயில் பொரித்தெடுத்த மீன் கட்லட். மூடியை எவ்வளவு அமத்தியும் வாசம் அடங்கவில்லை. செயின்ட்-மிஷேலில் என்னோடு ஏறிய ஒரு கியூபெக் பெண்மணி பொறுக்க முடியாமல் என்ன வாசம் என்று கேட்டேவிட்டார். மீன் கட்லட் என்றேன். மத்தியானச் சாப்பாடா என்றார். இல்லை, வேலை செய்யும் இடத்துக்கு என்றேன். எங்கே வேலை? ஒரு ஜப்பானிய உணவகத்தில்.

அவர் என்னையும் பேணியையும் மாறி மாறிப் பார்த்தார். "உணவகத்துக்கு நீ சாப்பாடு கொண்டு போகிறாயா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், இறங்கும்வரை நிறுத்தவில்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒன்று பொறி தட்டியது. இந்தப் பேணி ஏன் என் மடியில் இருக்கிறது என்பதை யாருக்காவது ஒழுங்காக விளக்கிவிட்டால், அந்த உணவகத்தின் பெயரை விளக்கிவிட்டதாக ஆகிவிடும். அதை ஒரே ஒரு பக்கமாக எழுத வேண்டும். இணையத்தில் போட வேண்டும். உடனே, இன்றைக்கே!

நான் அப்படித்தான். அப்போது மல்டிமீடியா படித்துக்கொண்டிருந்தேன். எவர் கடையைக் கண்டாலும் அதற்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுக்கத் துடித்த காலம். வார இறுதிகளில் அந்த உணவகத்தில் மேசைக்குச் சாப்பாடு எடுத்து வைப்பேன். முதலாளி அம்மாவை மதாம் என்பேன்; அவர் சமையலறையில். அவருடைய கணவர் முன்னால் மரப்பலகையில் மீன் வெட்டுவார். மகள் யூமி மேசைகளையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்வாள். குடும்பத்துக்கு வெளியே நான் ஒருத்திதான்.

மதாமுக்கு ஒரு பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. கடையின் பெயர் உட்சுரி. அதன் பொருளை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கும் பொறுமை எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாத்திரத்தில் எதையோ தருகிறார். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம். வெறுமையாகக் கொடுப்பதில்லை, ஏதாவது சின்னதாய் உள்ளே வைத்துக் கொடுக்கிறோம். அந்தச் சின்னப் பொருளுக்கு ஜப்பானில் உள்ள பெயர்தான் அது. இதே வழக்கம் எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கைப்பிடிச் சீனிக்கு, அந்த இரண்டு வாழைப்பழத்துக்கு நாங்கள் ஒரு பெயர் வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

காதலர் தினத்தன்று மெழுகுவர்த்திக்கு முன்னால் கைகோத்து உட்கார்ந்திருக்கும் சோடி, "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் இதையெல்லாம் சொல்ல முடியுமா? யூமி சொல்வதில்லை. "இணக்கம்" என்பாள். இன்னொரு நாள் "அமைதி" என்பாள். கேட்டவர்கள் தலையை ஆட்டி, ஆகா என்று பெருமூச்சு விட்டு, இன்னொரு கிண்ணம் சாக்கே மது வரவழைப்பார்கள்.

மதாம் சின்ன உருவம். கறுப்பு ரப்பர் செருப்பு, முழங்கைக்கு மேலே சுருட்டிய சட்டைக் கை. ஏப்ரனின் முன்பக்கத்துப் பை எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும்: குட்டி ஆரஞ்சு போன்ற தோடம்பழங்கள், இஞ்சி இனிப்பு, கடையின் பெயர் அச்சிட்ட நெருப்புப்பெட்டிகள். யாரும் அந்தச் சமையலறையை விட்டு வெறுங்கையோடு போகக்கூடாது. தபால் கொண்டு வரும் பெண்ணுக்கு இனிப்பு. மீன் பெட்டி இறக்குகிறவனுக்குச் சோற்று உருண்டை. குழாய் திருத்த வந்தவர் கருவிப் பெட்டியைத் திறந்தால் ஸ்பானருக்குப் பக்கத்தில் ஒரு தோடம்பழம் இருக்கும்.

ஒருமுறை நகராட்சியிலிருந்து ஒருவர் சமையலறையைப் பார்வையிட வந்தார். எல்லாம் சரியென்று கையெழுத்து வைத்தார். மதாம் தேநீர் நீட்டினார். அவர் மறுத்தார். இனிப்பை நீட்டினார். "மன்னிக்கவேண்டும் மதாம், எங்களுக்கு விதி இருக்கிறது. ஒன்றும் வாங்கக்கூடாது" என்றார் அவர் மரியாதையாக. கதவு சாத்தியதும் மதாம் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். முள்ளங்கியை எடுத்தார், வைத்தார். கத்தியை எடுத்தார், வைத்தார். பிறகு கோட்டும் போடாமல் பனிக்குள்ளே ஓடினார். நான் சன்னலால் பார்த்தேன். வந்தவருடைய காரின் முன்கண்ணாடியில், வைப்பருக்குக் கீழே, தண்டச்சீட்டுச் செருகுவதைப்போல ஒரு தோடம்பழத்தைச் செருகிவிட்டு வந்தார்.

"கார் வாங்கிக்கொண்டுது. அவர் வாங்கேல்லை" என்றார், காலில் ஒட்டிய பனியைத் தட்டியபடி.

மதாம் பேசியது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். ஆனால் எழுத உட்காரும்போது எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் வருகிறது. அவருடைய தொனிக்கு அதுதான் பொருந்துகிறது, நான் என்ன செய்ய?

எனக்கும் அவருக்கும் இடையில் பேணி ஓடத் தொடங்கியது ஒரு கத்தரிக்காயால். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்மாவுக்கென்று மதாம் நீல மூடி போட்ட ஒரு பெட்டியில் கத்தரிக்காய் வதக்கல் தந்து விட்டார். அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு துண்டை வாயில் போட்டார்.

"இதென்னடி, கத்தரிக்காய்க்குச் சீனி போட்டிருக்கினம்?"

சொல்லிக்கொண்டே பெட்டி முழுவதையும் முடித்துவிட்டார். அடுத்த நாள் கழுவிய பெட்டியை நான் பையில் வைக்கப்போனபோது பாய்ந்து பிடித்தார். "பொறு பொறு. வெறும் பெட்டியையே கொண்டு போகப் போறாய்? மனிசர் என்ன நினைப்பினம்?"

அம்மா பொரித்த ரோல்ஸ் போனது. மதாம் அதை நின்றபடியே தின்று, மிளகா, மிளகாயா என்று விசாரித்து, இரண்டும் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பெட்டியில் முள்ளங்கி ஊறுகாய் நிரப்பினார். அம்மா பால் ரொட்டி சுட்டார். மதாம் இறால் பொரித்தார். அம்மா முறுக்குப் பிழிந்தார். பெட்டிகளும் கூடின. ஒன்று போகும்போது இன்னொன்று வரும், நான் நடுவில் தபால்காரி.

"உவ என்னோட போட்டி போடுறா" என்றார் அம்மா ஒருநாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"நீங்கள் நிப்பாட்டினா அவவும் நிப்பாட்டுவா அம்மா."

"நானோ? அவதானே துடங்கினவ. அவ நிப்பாட்டட்டும்."

அதே கிழமை சமையலறையில் மதாம் என்னை மறித்தார். "உன்ரை அம்மா வேலைக்குப் போறவ எண்டு சொன்னாய். எப்ப சமைக்கிறா? களைக்கவே மாட்டாவோ?"

"நீங்கள் வெறும் பெட்டியைத் தந்து பாருங்கோ மதாம்."

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப்போலப் பார்த்தார். "சட்டிக்கு வெட்கமாயிருக்கும்" என்றார்.

அது அவருடைய வாய்ப்பாடு. வெறும் சட்டி திரும்பிப் போனால் மனிதருக்கல்ல, சட்டிக்கு வெட்கம்.

அம்மா தந்திரம் செய்யத் தொடங்கினார். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத ஒன்றில் அனுப்பினால் ஆட்டம் முடிந்துவிடும் அல்லவா? அப்படித்தான் யோகட் பேணி கதைக்குள் வந்தது. "இதைக் குப்பையில போடச் சொல்லு" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். நான் சொன்னேன். மதாம் தலையை ஆட்டினார். அடுத்த சனிக்கிழமை பேணி கழுவித் துடைத்து, மினுங்கிக்கொண்டு, உள்ளே அவித்த சோயா அவரையோடு வந்து நின்றது. அதற்கடுத்த முறை அம்மா வெள்ளித்தாளில் சுற்றி அனுப்பினார். வெள்ளித்தாளும் வந்தது. கழுவி, நீவி, சுருக்கம் எடுத்து, தோடம்பழங்களைச் சுற்றிக்கொண்டு.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உவ யாழ்ப்பாணத்தில பிறந்திருக்க வேண்டியவ."

இந்த ஆட்டத்தை நிறுத்த ஒருவராலும் முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெளிவானது. ஒருத்தி இந்த வழக்கம் தெரியாதவளாக இருந்திருந்தால் முதல் பெட்டியோடு நின்றிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஒரே சட்டத்தை மதிக்கிற இரண்டு பேர் சந்தித்தால் தப்ப வழியில்லை.

அம்மா ஒரேயொரு தடவை சும்மா கடை பார்க்க வந்தார். மதாம் குனிந்தார். அம்மா கைகூப்பினார். மதாம் இன்னும் தாழக் குனிந்தார். அம்மாவும் விடவில்லை. நான் நடுவில் புகுந்திராவிட்டால் இருவரும் நிலத்தில்தான் முடிந்திருப்பார்கள். அந்த நேரம் மதாம் விறகுத் துண்டுபோலக் காய்ந்த ஒரு மீனைச் சீவிக்கொண்டிருந்தார். அம்மா மூக்கைச் சுருக்கினார். கிட்டப் போனார். ஒரு சீவலை எடுத்து நாக்கில் வைத்தார்.

"அடி பிள்ளை, உது எங்கட மாசியல்லோ!"

மாசி எங்கள் சம்பலுக்குப் போடும் காய்ந்த மீன். அவர்களுக்கு அது குழம்புத் தண்ணீரின் உயிர். அன்று ஒரு பெரிய துண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அடுத்த கிழமை யோகட் பேணியில் மாசிச் சம்பலாகத் திரும்பிப் போனது. மீன் வெட்டும் பலகைக்குப் பின்னால் நின்று மதாமின் கணவர் அதைச் சோற்றோடு பிசைந்து, கண்ணீர் ஓட ஓட, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினார். அவரை நினைக்கும்போது எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது.

இனி நான் எழுத நினைத்த அந்த இணையப் பக்கத்தின் கதை. கட்டட உடைமையாளர் இடத்தை வேறு தேவைக்கு எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். யூமி நகரின் மேற்குப் பக்கமாய் கர்க்லாண்டில் ஓர் இடம் பார்த்தாள். பெரிய வீடுகள், பெரிய கார்கள், பிள்ளைகளோடு வந்து சாப்பிடும் குடும்பங்கள். இடம் எல்லாருக்கும் பிடித்தது. பெயரில்தான் பிரச்சினை.

"அங்க வாற ஆக்களுக்கு இதை வாசிக்கத் தெரியாது, சொல்லத் தெரியாது, அர்த்தம் கேட்டா நான் பொய் சொல்லவேணும்" என்றாள் யூமி. "ஒரு பூவின்ரை பேரை வைப்பம். எல்லாருக்கும் விளங்கும்."

மதாம் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே, "பூ வாடும்" என்றார். அவ்வளவுதான் விவாதம்.

அங்கேதான் என் மெட்ரோ யோசனை ஓடி வந்து விழுந்தது. நான் ஒரு பக்கம் எழுதுகிறேன், வாசிக்கிறவர்களுக்கு விளங்கும் என்றேன். யூமி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "சரி. ஒரு பக்கம் எழுது. கர்க்லாண்ட் ஆள் ஒருவர் அதை வாசிச்சு, எனக்கு விளங்குது எண்டு சொன்னா பேரை வைச்சிருக்கிறன். இல்லாட்டி பூ."

நான் எழுதினேன். ஐயோ, எப்படி எழுதினேன்! 'கிழக்கின் ஆன்மா' என்று தொடங்கினேன். சமநிலை வந்தது, இயற்கை வந்தது, பிரபஞ்சம்கூட வந்தது. மதாமுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாயிருக்கு. யாற்ரை கடை?" என்றார்.

இரண்டாவது தடவை எழுதியதில் விருந்தோம்பல் என்று ஒரு பந்தி இருந்தது. "இது விமானக் கொம்பனி எழுதிற மாதிரி" என்றார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்து, நீங்களே சொல்லுங்கோவன், ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். அவர் அடுப்பைச் சின்னதாக்கினார்.

மதாம் இந்த நகரத்துக்கு வந்த முதல் பனிக்காலம். புருஷனுக்கு இன்னும் வேலையில்லை. ஒருநாள் கதவைத் தட்டி, எதிர் வீட்டுப் பெண் சுடச்சுட, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட மாப்பண்டம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணாடித் தட்டில். தின்று முடித்துத் தட்டைக் கழுவினார் மதாம். திருப்பிக் கொடுக்க வேண்டும். அலுமாரியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் அரிசி மட்டும். வேறு ஒன்றுமில்லை.

"எங்கட ஊரில ஒரு வழி இருக்கு. வீட்டில ஒண்டுமே இல்லாட்டி ஒரு நெருப்புப்பெட்டி வைக்கலாம். எந்த ஏழை வீட்டிலயும் நெருப்புப்பெட்டி இருக்கும்தானே? என்னட்ட ஒண்டும் இல்லை, ஆனா நான் மறக்கேல்லை எண்டு அர்த்தம்."

தட்டின் நடுவில் ஒரு நெருப்புப்பெட்டியை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர் வீட்டுப் பெண் நெருப்புப்பெட்டியைப் பார்த்தாள், மதாமைப் பார்த்தாள். இவள் சிகரெட் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, உள்ளே போய் ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து வந்தாள். வாழ்க்கையில் புகைத்தேயிராத மதாம், தட்டுக்காரியின் மனம் நோகக்கூடாதென்று அந்தக் குளிரில் பல்கனியில் நின்று அவளோடு ஒரு சிகரெட்டை இழுத்து இருமினார். இருமிய இருமலில் இருவரும் சிரித்து, சிநேகிதமாகிவிட்டார்கள்.

"அண்டைக்கு எனக்குச் சரியான வெட்கம்" என்றார் மதாம். "அவவுக்கு ஒண்டும் தெரியேல்லை. எனக்குத் தெரியும்தானே, அந்தப் பெட்டி என்ன சொல்லுது எண்டு. இனி ஒருநாளும் நெருப்புப்பெட்டி வைக்கிற நிலையில இருக்கமாட்டன் எண்டு நினைச்சன். கடை துறக்கேக்க அந்தப் பேரை வைச்சன்."

நான் துள்ளினேன். இதுதான், இதையே எழுதுகிறேன் என்றேன். அவர் உடனே கையை நீட்டி என் வாயை மறித்தார். "உது எழுதிறதுக்கில்லை."

அப்படியே அந்தப் பக்கம் நின்றுபோனது. நிற்கும்போதே அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய கணவர் மீன் வெட்டும் பலகைக்கு முன்னால் சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குப் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

கடை மூடிக் கிடந்தது. ஆனால் சமையலறைக்குள் பாத்திரங்கள் வந்தபடி இருந்தன. எதிர் வீட்டுப் பெண்ணின் அதே கண்ணாடித் தட்டு, தபால்காரப் பெண்ணின் சூப்புச் சட்டி, மீன்காரரின் அலுமினியத் தட்டம். அம்மாவும் பெரிய சட்டியில் சோறும் பருப்பும் மரக்கறியும் கட்டி என்னிடம் தந்து விட்டார். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் மத்தியானம் யூமி தொலைபேசி எடுத்தாள். "நீ வா. உன்ரை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. நான் சொன்னா இவ கேக்கிறாவில்லை."

போய்ப் பார்த்தோம். எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. மதாம் கறுப்பு உடைக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு பொரித்தார், கிண்டினார், அடுத்த அடுப்புக்குப் பாய்ந்தார். உருக்கு மேசையில் வந்த பாத்திரங்கள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. எங்களைக் கண்டும் நிற்கவில்லை.

"அப்பா போனதிலயிருந்து படுக்கேல்லை" என்றாள் யூமி. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. சட்டி நிரப்பிறா. வந்த சட்டியெல்லாம் நிரப்பித்தான் அனுப்பவேணுமாம். இது ஒரு வருத்தம், நோய். இந்த வருத்தத்தைத்தான் நாங்கள் கடைக்கு மேல எழுதி வைச்சிருக்கிறம்."

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா. சொன்னேன்.

அம்மா தன் சால்வையை என்னிடம் தந்துவிட்டு நேரே மேசைக்குப் போனார். மதாம் அகப்பையோடு வந்து நின்றது எங்கள் சட்டிக்கு முன்னால். அம்மா சட்டியின் வாயைக் கையால் மூடினார்.

மதாம் நிமிர்ந்து பார்த்தார். "சட்டிக்கு வெட்கமாயிருக்கும்" என்றார், மிகவும் மெதுவாக. நான் மொழிபெயர்த்தேன்.

"சொல்லு அவவுக்கு" என்றார் அம்மா, கையை எடுக்காமல். "எங்கட ஊரில செத்த வீட்டுக்குக் கொண்டு போன சட்டியில ஒண்டும் போட்டுக் குடுக்கிறேல்லை. தந்தாலும் நாங்கள் வாங்கமாட்டம். வெறுமையாத்தான் வரவேணும்."

சொன்னேன். மதாம் தலையை அசைத்தார். தன் ஊரில் அப்படியில்லை, இழவுக்குத் தந்ததற்கும் திருப்பிச் செய்யவேண்டும், அதுதான் முறை என்றார். அகப்பையிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கையில் சுடச்சுட விழுந்திருக்க வேண்டும். அவர் கையை அசைக்கவில்லை.

"உங்கட ஊர் முறை உங்கட சட்டிக்கு. இது என்ரை சட்டி. என்ரை சட்டிக்கு என்ரை ஊர் முறைதான்."

இதை நான் பிரெஞ்சில் சொன்னபோது யூமி வாயைப் பொத்திக்கொண்டாள். மதாம் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாத்திரத்தின் மானத்தைப் பற்றிப் பேச வந்தால், பாத்திரத்துக்குச் சொந்தக்காரி சொல்வதை எப்படி மீறுவது?

அம்மா அகப்பையை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். அடுப்புகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டினார். மற்றப் பாத்திரங்களைக் காட்டி, "இதுகளும் வெறுமையாத்தான் போகவேணும் எண்டு சொல்லு" என்றார்.

"அம்மா, அது எதிர் வீட்டுக் கியூபெக் மனிசியின்ரை தட்டு. அவைக்கு இந்த முறை ஒண்டும் இல்லை."

"இனி இருக்கட்டும்."

யூமிக்குச் சிரிப்பு வெடித்தது. மதாமுக்கும் ஏதோ வெடித்தது, ஆனால் அது சிரிப்பாக முடியவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பால் கூடை ஒன்றில் உட்கார்ந்தார். ஏப்ரன் பைக்குள் கையை விட்டார். ஒன்றும் எடுக்காமலே கையை வெளியே எடுத்து மடியில் வைத்தார். அந்தக் கைகள் சும்மா கிடந்து நான் பார்த்ததேயில்லை. பிறகு அவர் அழுதார். அம்மா பக்கத்தில் இன்னொரு கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல அவர்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லாதது அன்று எவ்வளவு வசதியாகப் போனது!

வெளிக்கிடும்போது நான் பழக்கத்தில் 'போட்டு வாறன்' என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா கிள்ளினார். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது. வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் வந்தோம்.

பெயர்ப்பலகை செய்பவர் சில கிழமைகள் கழித்து வந்தார். மதாம் மகளைப் பார்த்து, "உனக்கு விருப்பமான பேரைப் போடு. எனக்கு ஏலாது" என்றார். கோபமில்லை. உண்மையாகவே விட்டுவிட்டார்.

யூமி பென்சிலை வாங்கி அந்தப் பழைய பெயரையே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பக்கம்தான் இன்னும் எழுதப்படவேயில்லையே! கர்க்லாண்ட் ஆள் ஒருவரும் வாசிக்கவில்லையே! யூமி தோளைக் குலுக்கினாள். "அது குடுக்கிறவையின்ரை பேர் எண்டு நினைச்சிருந்தன். அம்மா வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததை அண்டைக்குத்தான் கண்டன். முதல் ஆரோ தந்து, அதை வாங்கினாத்தானே திருப்பிக் குடுக்கிற கதையே வருது?"

துக்க நாட்கள் கழிந்தபின் ஒருநாள் மதாம் என்னிடம் யோகட் பேணியை நீட்டினார். கனமேயில்லை. வீட்டில் அம்மா அதை வாங்கிக் குலுக்கினார். உள்ளே ஏதோ கடகடத்தது. திறந்தோம். கடையின் பெயர் அச்சிட்ட ஒரேயொரு நெருப்புப்பெட்டி.

உணவகங்களில் புகைக்கத் தடை வந்தபின், இனி இது யாருக்கு என்று யூமி மூலையில் கட்டி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்று.

"இதென்ன, விளையாடுறாவோ?" என்றார் அம்மா.

எழுதக்கூடாது என்றுதான் மதாம் சொல்லியிருந்தார், சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. கண்ணாடித் தட்டின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா நெருப்புப்பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, என்னட்ட ஒண்டும் இல்லை எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறா."

"ஓம்."

"எனக்கு."

"ஓம் அம்மா."

அன்று பொழுதுபட சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை அந்தக் குச்சியால்தான் கொளுத்தினார். அந்தக் கிழமை பேணி எங்கள் வீட்டிலேயே நின்றது. திருப்பி அனுப்ப அம்மா அவசரப்படவில்லை. மதாமும் கேட்கவில்லை. அவர்களுக்குள் ஏதோ ஒரு கணக்கில்லாத நிலை வந்துவிட்டது போலிருந்தது.

இப்போது மதாம் ஜப்பானில், தங்கச்சியோடு இருக்கிறார். முழங்கால் இனிக் கியூபெக் பனிக்கு ஒத்துவராதாம். புறப்படும்போது அம்மா யோகட் பேணி நிறையப் பயத்தம் பணியாரம் கொடுத்து விட்டார். பேணி இன்னும் திரும்பி வரவில்லை. "வரும்" என்கிறார் அம்மா, தபாலைக் கூடப் பார்க்காமல். கண்ணாடித் தட்டின் கதையை எழுதலாமா என்று தொலைபேசியில் மறுபடி கேட்டேன். "சிகரெட் இருமினதையும் எழுது. அதுதான் நல்ல இடம்" என்றார் மதாம்.

கர்க்லாண்ட் கடை நாளை திறக்கிறது; சமையலறை இப்போது யூமியிடம். இணையத்தளத்தில் 'எங்கள் பெயர்' என்று ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, யூமி தினமும் என்னை நச்சரிக்கிறாள். எத்தனை தடவை எழுதினாலும் விமானக் கொம்பனிதான் வந்து நிற்கிறது. அதனால் நேற்று வேறொரு யோசனையோடு ஓடினேன். எழுத வேண்டாம், கொடுத்துப் பார்ப்போம். சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வீசியெறிகிற பெட்டி வேண்டாம். மதாமின் நீல மூடிப் பெட்டிகள் அலுமாரி நிறைய இருக்கின்றன. அவற்றிலே கொடுப்போம். முன்பணம் இல்லை, விளக்கம் இல்லை. இது எங்கட பெட்டி, பேந்து கொண்டு வாங்கோ என்று மட்டும் சொல்வோம்.

"ஒரு பெட்டியும் திரும்பாது, பார்" என்றாள் யூமி.

"பாப்பம்."

"திரும்பினாலும் வெறுமையாத்தான் திரும்பும்."

"பாப்பமே! ஒண்டாவது உள்ள என்னவோ இருந்து திரும்பினா, மூடியைத் திறந்து படம் எடுத்து அந்தப் பக்கத்தில போடுறன். வேற ஒரு சொல்லும் வேண்டாம்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, மேல் தட்டிலிருந்த பெட்டி ஒன்றை எடுத்து, மூடி சரியாக இறுகுகிறதா என்று அமத்திப் பார்த்தாள்.

நாளை மத்தியானம் முதல் பெட்டி போகிறது. உள்ளே கத்தரிக்காய்.